ஒப்துலியா மைசோனெத் ஆஜராகவும்

போர்த்தோ ரீக்கோவின் அடுத்த ஆளுநர் யார் என்பதைத் தீர்மானிக்கப் போகிற ஓட்டுச் சீட்டு தன்னுடையதுதான் என்று தெரியவந்தபோது எலாடியோ சமையலறையில் நின்று வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தேர்தல் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நீலக் கட்சி வேட்பாளருக்கு ஐந்து லட்சத்து எண்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. சிவப்புக் கட்சி வேட்பாளருக்கும் அதே எண், ஒன்றுகூடக் குறையவில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு சீட்டு, அதிலும் சிக்கல் என்று வானொலியில் சொன்னார்கள்.

பல்மரீத்தோ என்கிற மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், மூன்றாவது வகுப்பறையில் விழுந்த சீட்டாம் அது. ஆளுநருக்கான கட்டத்தில் இரண்டு சிலுவைக் குறி இருக்கிறதாம். நீலக் கட்சியின் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஒன்று, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக. சிவப்புக் கட்சியின் மாட்டுவண்டிக்குக் கீழே இன்னொன்று, ஒரு கால் மட்டும் வாலாகச் சுருண்டு மேலே போகிறதாம்.

“கிழவி, நம்ம சீட்டைப் பத்தித்தான் பேசுறாங்க” என்று எலாடியோ வராந்தாப் பக்கம் திரும்பிச் சொன்னார். வராந்தாவில் யாரும் இல்லை. ஜனவரியிலிருந்தே யாரும் இல்லை.

எலாடியோ முப்பது வருடம் சாலைகளுக்கு மஞ்சள் கோடு போட்டு ஓய்வுபெற்றவர். பரம்பரை நீலம். அவர் மனைவி ஒப்துலியா பள்ளிக்கூடச் சமையல்காரி, பரம்பரைச் சிவப்பு. நாற்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் பதினோரு தேர்தல் பார்த்தார்கள். வராந்தாவின் இடது தூணில் அவர் கொடி, வலது தூணில் அவள் கொடி. தேர்தல் வருடம் பிறந்துவிட்டால் இரண்டு கட்சித் தலைமையகமும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும். தேர்தலன்று விடிந்ததும் இருவரும் குளித்து, நல்ல துணி உடுத்தி, கையைக் கோத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய், அவர் ஓட்டை அவளும் அவள் ஓட்டை அவரும் தீர்த்துக்கட்டிவிட்டு வீடு திரும்பிப் பயறு போட்ட சோறு சாப்பிடுவார்கள்.

“ரெண்டு பேரும் வீட்லயே இருந்துட்டாலும் கணக்கு ஒண்ணுதானே” என்று ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லிப் பார்ப்பார்.

“நீ இரு கிழவா. நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்” என்பாள் அவள்.

அவள் போய், ஒன்பது நாள் ஜெபமாலையும் முடிந்த பிறகு, ஊரில் ஒருவர்கூட அவள் பெயரைச் சொல்லவில்லை. கடைக்காரர் ‘அவங்க’ என்றார். பாதிரியார் ‘உங்கள் துணைவியார்’ என்றார். ஃப்ளோரிடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசும் மகன் அம்மா என்கிற சொல்லைச் சுற்றிக்கொண்டு போய் வானிலை பற்றிப் பேசினான். பெயரைச் சொன்னால் கிழவர் அழுதுவிடுவாரோ என்று எல்லோருக்கும் பயம். சொல்லாததால் அவர் அழுதது யாருக்கும் தெரியாது.

நவம்பரில் அவர் தனியாகத்தான் ஓட்டுப் போடப் போனார். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று தன் சிலுவையைப் போட்டதும் ஏதோ திருட்டுத்தனம் செய்ததுபோல் இருந்தது அவருக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஓட்டு யாராலும் தீர்க்கப்படாமல் பெட்டிக்குள் போகப் போகிறது. அவள் இல்லாத சமயம் பார்த்து ஜெயிப்பதா என்று தொண்டையை அடைத்தது. அவளைப் போலவே பென்சிலை இடது கைக்கு மாற்றினார். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிக்குக் காலண்டரில் அவள் எப்படிச் சிலுவை போடுவாளோ அப்படியே, வாலைச் சுருட்டி, மாட்டுவண்டிக்குக் கீழே ஒன்று போட்டார். பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

அதைச் சொல்லத்தான் வானொலியில் கேட்ட மறுநாள் முதல் வேனில் ஏறித் தலைநகரான சான் ஹுவானுக்குக் கிளம்பினார். ஐந்து நிமிட வேலை என்பது அவர் நினைப்பு. ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு, இரண்டையும் எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் கோழிகளுக்குத் தீனி வைக்கத் திரும்பிவிடலாம்.

சிக்கலான சீட்டுகளை ஆராய்வதற்கென்றே ஏற்பட்டது வாக்காளர் நோக்க நிர்ணய சபை. அது பழைய சேவல் சண்டை அரங்கம் ஒன்றில் இயங்கியது. சேவல் சண்டையைத் தடைசெய்த பிறகு அரங்கம் சும்மா கிடந்தது. வட்டமான களம், சுற்றிலும் கத்துவதற்கு வசதியான இருக்கைகள், மேலே ஒலிபெருக்கி என்று எல்லாம் தயாராக இருந்ததால், சபை குடியேறியபோது பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

கட்சிகள் ஒன்றையொன்று நம்புவதில்லை என்பதால் சபையில் எதையும் மூன்று பேராகத்தான் செய்ய வேண்டும். வாசலில் மூன்று காவலர்கள். அலமாரிக்கு மூன்று பூட்டுகள். தாள்களைப் பின் போட்டுச் சேர்க்க வேண்டுமானால் நீலக்காரர் மெஷினைப் பிடிப்பார், சிவப்புக்காரர் ஊசியைப் போடுவார், பச்சைக்காரர் அமுக்குவார். காப்பித் தூள் நீலத்தின் பொறுப்பு, சர்க்கரை சிவப்பின் பொறுப்பு, பால் பச்சையின் பொறுப்பு. பச்சைக்காரர் விடுப்பு எடுத்தால் அன்று எல்லோருக்கும் கறுப்புக் காப்பிதான். தவளைச் சின்னமுள்ள அந்தப் பச்சைக் கட்சி தீவு தனிநாடாக வேண்டும் என்கிற கட்சி. நூற்றுக்கு மூன்று ஓட்டு வாங்கும், ஆனால் சபையில் மூன்றில் ஒரு நாற்காலி அதற்குத்தான். இதுவரை அவர்கள் கண்ட சுதந்திரம் அந்த நாற்காலி மட்டுமே.

விசாரணை ஜன்னலில் மூன்று தலைகள் தெரிந்தன. எலாடியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அந்தச் சீட்டு என்னுடையது என்று சொல்ல ஆரம்பித்ததும் மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“அதைச் சொல்லக் கூடாது ஐயா. ஓட்டு ரகசியம்” என்றார் நடுவில் இருந்தவர்.

“என் ஓட்டுதானே?”

“யார் ஓட்டுன்னு சபை இன்னும் முடிவு பண்ணலை. முடிவு பண்ற வரைக்கும் அது உங்களுக்கும் ரகசியம்தான்.”

அவர் விடவில்லை. ஜன்னல் ஜன்னலாக, மேசை மேசையாக நகர்ந்து, மதியத்துக்குமேல் சபைத் தலைவர் தொன் அப்போலினார் முன்னால் போய் நின்றார். தொன் அப்போலினார் ஓய்வுபெற்ற நீதிபதி. எந்தக் கட்சியையும் சேராதவர், ஆகவே மூன்று கட்சிக்கும் அவரைப் பிடிக்காது, அந்தத் தகுதியில்தான் அவரை நியமித்தார்கள். சட்டத்தில் சொல்லியிருப்பது ‘வாக்காளரின் நோக்கத்தைக் கண்டறிக’ என்றுதானே, இதோ வாக்காளர் நிற்கிறேன், கேட்டுக் கண்டறிந்துகொள்ளுங்கள் என்று எலாடியோ பணிவாகச் சொன்னார். தலைவர் எழுந்து நின்றே பதில் சொன்னார். ஒலிவாங்கி திறந்திருந்ததால் அது அரங்கம் முழுக்கக் கேட்டது.

“வாக்காளரோட நோக்கம் புனிதமானது. அந்தப் புனிதமான பொருளை வாக்காளர் கையிலயே விட்டுவெச்சா என்ன ஆகும்? இன்னிக்கு ஒண்ணு சொல்வார், நாளைக்கு ஒண்ணு சொல்வார். அதனாலதான் சட்டம் அதை அவர்கிட்டேருந்து வாங்கி நம்மகிட்ட ஒப்படைச்சிருக்கு. பன்னெண்டு வருஷமா நான் இந்த நாற்காலியில இருக்கேன். இதுவரைக்கும் ஒரு வாக்காளரைக்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனால ஒரு குழப்பமும் வந்ததில்லை.”

மூன்று கட்சிக்காரர்களும் கைதட்டினார்கள். எலாடியோவுக்கு ‘தொடர்பற்ற ஆர்வலர்’ என்று எழுதிய மூவர்ண அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டி, ஏழாவது வரிசையில் உட்காரவைத்தார்கள். பேசக் கூடாது, கை தூக்கலாம், ஆனால் தூக்கிய கையை யாரும் கவனிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று விதியை விளக்கினார்கள்.

முதல் வாரம் அழுத்தச் சோதனை நடந்தது. பென்சில் தாளில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கருவி வைத்துப் பார்த்ததில் மாட்டுவண்டிச் சிலுவை அதிக ஆழம் என்று தெரிந்தது. ஆழம் என்றால் அன்பு என்றார் சிவப்பு வக்கீல். ஆழம் என்றால் ஆத்திரம் என்றார் நீல வக்கீல். பச்சை வக்கீல் இரண்டு சிலுவைக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டி, அது சுதந்திரத்துக்கான மௌன ஓட்டு என்று மூன்று மணி நேரம் பேசினார்.

இரண்டாவது வாரம், வாக்காளரின் மனநிலையை அறிவதற்காகக் களத்தின் நடுவில் ஓர் அட்டைத் தடுப்பைக் கட்டி, ஓட்டுப் போட்ட காட்சியை நடித்துப் பார்த்தார்கள். எலாடியோ கை தூக்கினார். நடிப்பு அனுபவம் இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள். சிவப்புக் கட்சியிலிருந்து ஒரு பருத்த மனிதர் வாக்காளராக வந்து, தடுப்புக்குப் பின்னால் நின்று, தலையைச் சொறிந்து, இரண்டு சிலுவை போட்டுவிட்டு வெளியே வந்தார். ஏழாவது வரிசையிலிருந்து எலாடியோ அதைக் கூர்ந்து பார்த்தார். நடிப்பு மோசமில்லை. அந்த இடத்தில் தொண்டை அடைக்கும் என்பது மட்டும் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இத்தனை கூத்துக்கும் நடுவில் அவர் தினமும் மலையிறங்கி வந்துகொண்டிருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டார். வாசலில் மூன்று காவலர்களும் ஆளுக்கொரு தடவை காலை வணக்கம் சொன்னார்கள். சாப்பிட்டாச்சா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். வீட்டில் கோழிகள்கூட அவரைக் கண்டுகொள்வதில்லை.

மூன்றாவது வாரம் கையெழுத்து நிபுணர் வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான பெண்மணி. இரண்டு நாள் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு, அறிக்கை வாசித்தார். இரண்டு சிலுவையும் ஒரே கை போட்டதல்ல. முதலாவது, கோடு போட்டுப் பழகிய ஓர் ஆணின் கை. இரண்டாவது ஒரு பெண்ணின் கை. பிடிவாதக்காரி. பெரிய பாத்திரங்களைக் கிளறிக் கிளறித் தோள்பட்டை வலுத்தவள். எடுத்த முடிவை மாற்றும் வழக்கம் இல்லாதவள்.

எலாடியோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடிப்போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஒப்துலியாவை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அவள் பக்கத்து உறவிலேயே கிடையாது.

ஆனால் களத்தில் அமளி. ஓட்டுத் தடுப்புக்குள் இரண்டு பேர் நுழைந்திருக்கிறார்கள், சதி என்று இரண்டு வக்கீல்களும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே தருணம் அது. யார் அந்தப் பெண் என்று தலைவர் மேசையைத் தட்டிக் கேட்டார். எலாடியோ விதியை மீறி எழுந்து நின்றார்.

“அது என் பொண்டாட்டி” என்றார்.

பெயர் கேட்டார்கள். சொன்னார். வாயைவிட்டுச் சொல்லிப் பல மாதம் ஆகியிருந்ததால் முதல் தடவை சரியாக வரவில்லை, இரண்டாம் தடவை சொன்னார். வாக்காளர் பதிவேட்டை மூன்று பேர் சேர்ந்து தூக்கிவந்து, மூன்று பேர் சேர்ந்து பக்கம் புரட்டினார்கள். ஒப்துலியா மைசோனெத் சாந்தியாகோ, பல்மரீத்தோ, மூன்றாவது வகுப்பறை, நடப்பு வாக்காளர் என்று இருந்தது.

அவள் ஜனவரியிலேயே இறந்துவிட்டாள் என்றார் எலாடியோ. இறந்தவர்களை நீக்குவதற்குத் தனிக் குழு இருப்பதாகவும், அதிலும் மூன்று பேர் என்றும் விளக்கினார்கள். இறந்தது சிவப்பு ஓட்டு என்பதால் நீலக்காரர் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். அதே காரணத்துக்காகச் சிவப்புக்காரர் மறுத்துவிட்டார். அமெரிக்கக் குடியேற்ற ஆட்சியில் நிகழும் மரணத்தைத் தங்கள் கட்சி அங்கீகரிப்பதில்லை என்று பச்சைக்காரர் ஒதுங்கிக்கொண்டார்.

“நானே என் கையால மண்ணு போட்டேன் ஐயா” என்றார் எலாடியோ.

“அது உங்க சொந்த அனுபவம்” என்றார் தலைவர், மரியாதையாகத்தான். “சபைக்குப் பதிவேடுதான் சாட்சி.”

விதி எண்பத்தெட்டைப் பார்த்தார்கள். பதிவேட்டில் உள்ள ஒருவரின் குறி சர்ச்சைக்குள்ளானால், காலை ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். மூன்று கட்சி அழைப்பாளர்களும் ஆளுக்கொரு முறை. வந்தால் அவரையும் கேள்வி கேட்கக் கூடாது, வந்தார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் அவர் குறி செல்லாது, மிஞ்சிய சிலுவைதான் ஓட்டு.

மறுநாள் எலாடியோ தேர்தல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஒன்பது அடித்ததும் நீலக் கட்சி அழைப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“ஒப்துலியா மைசோனெத் சாந்தியாகோ. ஆஜராகவும்.” பொருட்களின் பட்டியல் வாசிக்கும் குரல் அது. ஆனாலும் பெயர் வட்டமான அரங்கில் சுற்றி வந்தது. எலாடியோவின் கை நாற்காலி விளிம்பைப் பற்றிக்கொண்டது.

அடுத்தவர் சிவப்பு அழைப்பாளர். மேடைப் பேச்சாளர், மூச்சை இழுத்துக்கொண்டு நீட்டி முழக்கினார். தெருவில் நின்று அத்தனை சத்தமாக அவளை யாராவது கூப்பிட்டிருந்தால் சட்டுவத்தோடு வெளியே வந்திருப்பாள்.

மூன்றாவது பச்சை. அன்றைக்கு மிக்தாலியா என்கிற நடுவயதுப் பெண்ணின் முறை, பால் வாங்கிவருவதும் அவள்தான். அவள் தாளைப் பார்க்காமல், பக்கத்து வீட்டு அம்மாவை வாசலில் நின்று மரியாதையாகக் கூப்பிடுவதுபோல், “தோன்யா ஒப்துலியா” என்றாள்.

எலாடியோ எழுந்து நின்றுவிட்டார். எழுந்தது அவருக்குத் தெரியாது. தலை தானாகவே வாசல் பக்கம் திரும்பியது. அவர் திரும்பியதால் அரங்கம் முழுக்கத் திரும்பியது, தலைவரும்கூடக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். வாசலில் மூன்று காவலர்கள் மட்டும் நின்றார்கள்.

வரவில்லை என்று மூன்று பிரதிகளில் எழுதிக்கொண்டார்கள். வால் சுருண்ட சிலுவை செல்லாது, நீலக் கட்சி ஒரு ஓட்டில் வெற்றி, நாளை சான்றிதழ் என்று தலைவர் அறிவித்தார். நீல வக்கீல் ஏழாவது வரிசைக்கு ஏறிவந்து எலாடியோவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

“நாம ஜெயிச்சுட்டோம், தொன் எலாடியோ. உங்க ஒரே ஓட்டுல.”

நாற்பத்து நான்கு வருடமாக அவர் கேட்க ஆசைப்பட்ட செய்தி. இதைச் சொல்லிக்காட்ட அவள் முகம் வேண்டும். அவள் உதட்டைச் சுழித்து, சோற்றுத் தட்டை மேசையில் ணங்கென்று வைக்க வேண்டும். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் எப்படி ஏமாற்றினீர்கள் என்று சண்டைக்கு வர வேண்டும். எலாடியோ வக்கீலைப் பார்த்தார். இந்த வெற்றியை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் என்ன செய்வது என்று அவருக்குப் புரியவில்லை. கையை உருவிக்கொண்டு படியிறங்கி மிக்தாலியாவின் மேசைக்குப் போனார்.

“இன்னொரு தடவை கூப்பிட வழி இருக்காம்மா?”

அவள் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். அழைப்பு சரியாகக் காதில் விழவில்லை என்று யாராவது ஒரு மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுத்தால், மறுநாள் ஒன்பது மணிக்கு மறுபடியும் மூன்று முறை அழைக்க வேண்டும். அதுவரை சான்றிதழ் நிறுத்திவைக்கப்படும். எத்தனை தடவை எழுதிக் கொடுக்கலாம் என்று விதியில் இல்லை, யாரும் யோசித்திருக்கவில்லை.

“எனக்குக் கொஞ்சம் காது மந்தம்” என்றார் எலாடியோ.

“ஐயா, உங்க கட்சிதான் ஜெயிச்சிருக்கு” என்று பின்னால் ஓடிவந்த நீல வக்கீல் கிட்டத்தட்ட அழுதார். எலாடியோ அதற்குள் படிவத்தின் முதல் வரியில் அவள் முழுப் பெயரை, கோடு போடுகிற கவனத்தோடு, எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கூப்பிட்டார்கள். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. விடுமுறை நாளில் சபை இயங்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை என்பதால் கிறிஸ்துமஸ் அன்றும் கூப்பிட்டார்கள். காதுப் பரிசோதனைக்கு அவரை அனுப்புவதென்றால் மூன்று காது மருத்துவர்கள் ஒத்துப்போக வேண்டும், அவர்கள் ஒத்துப்போகவில்லை. ஜனவரி இரண்டாம் தேதி பதவியேற்பு மேடையைக் கட்டினார்கள், ஐந்தாம் தேதி பிரித்தார்கள். இரண்டு வேட்பாளர்களும் தைத்துவைத்த கோட்டு அலமாரியில் தொங்கியது. பழைய ஆளுநர் முன்பே மூட்டை கட்டிக்கொண்டு மியாமிக்குப் போய்விட்டிருந்தார். ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளும் கழிந்தது. தீவுக்கு ஆளுநர் இல்லை. மின்சாரம் வழக்கமான நேரத்தில் போய் வழக்கமான நேரத்தில் வந்தது. சாலையில் இருந்த பள்ளங்கள் அப்படியே இருந்தன. யாரும் புகார் சொல்லவில்லை.

ஜனவரி கடைசியில், அவள் போய் ஒரு வருடம் நிறைந்த அன்று, மலையில் மழை. வேன் தாமதம். எலாடியோ நனைந்துபோய் ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது உள்ளே வந்தார். மூன்று காவலர்களும் வணக்கம் சொன்னார்கள். ஏழாவது வரிசையில் யாரோ ஒரு துண்டை மடித்து வைத்திருந்தார்கள். நீலம் கூப்பிட்டது, சிவப்பு கூப்பிட்டது. மிக்தாலியா ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“இன்னிக்காவது வருவாங்களா, தொன் எலாடியோ?”

“வரமாட்டா மகளே” என்றார் எலாடியோ. “நீ கூப்பிடு.”